இரவில் வந்த சீடன்

வண்ணமும் வழிபாடும்: அத்தியாயம் 14

1534 செப்டம்பர் 23 அன்று மைக்கலாஞ்சலோ ரோமுக்கு வந்து சேர்ந்தார். வயது 59. இரண்டே நாளில், அவரை வரச்சொல்லியிருந்த போப்பாண்டவர் ஏழாம் கிளமெண்ட் கண்ணை மூடினார். சிஸ்டைன் சிற்றாலயத்தின் பலிபீடச் சுவரில் பெரிய ஓவியம் ஒன்று வேண்டுமென்று கேட்டவர் அவர்தான். கேட்டவரே போய்விட்டார், இனி இரண்டாம் ஜூலியஸின் கல்லறைக்கான சிற்பங்களை நிம்மதியாகச் செதுக்கி முடிக்கலாம் என்று மைக்கலாஞ்சலோ கணக்குப் போட்டார். கணக்கு பலிக்கவில்லை. அடுத்து அரியணை ஏறிய மூன்றாம் பவுல், இவரிடம் வேலை வாங்கத் தான் முப்பது வருடமாகக் காத்திருப்பதாகவும், போப்பாண்டவரான பிறகும் அது நடக்காவிட்டால் எப்படி என்றும் கேட்டாராம்.

விதானத்தை வரைந்த கதையைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். 1508இல் சாரமேறி 1512இல் இறங்கியவரும், இப்போது ரோமில் வந்திறங்கியவரும் ஒரே ஆள்தான். ஆனால் இடையில் உலகம் தலைகீழாகிவிட்டது. விதானம் முடிந்த ஐந்தாம் ஆண்டு ஜெர்மனியில் லூத்தர் கிளம்பினார். 1527 மே மாதம் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படைகள் ரோமைச் சூறையாடின. சம்பளப் பாக்கியில் வெறிகொண்டிருந்த கூலிப்படை அது. லூத்தர் பக்கம் சாய்ந்த ஜெர்மானியர்கள் அதில் நிறையப் பேர். வத்திக்கானில் ரஃபேல் தீட்டிய சுவரோவியத்தின் மேலேயே அவர்கள் லூத்தரின் பெயரைக் கீறிவிட்டுப் போனார்கள். கூர்ந்து பார்த்தால் அந்தக் கீறல் இன்றும் தெரியும்.

இந்த மனிதரின் கடைசி முப்பது ஆண்டுகள்தான் இந்த அத்தியாயம். பொதுவாக இந்தக் காலத்தை எழுதுகிறவர்கள் 'பக்தி முற்றிய முதுமை' என்று ஒரு வரியில் கடந்துபோவார்கள். எனக்கு அது போதவில்லை. போப்பாண்டவர்களின் சுவர்களில் கத்தோலிக்க விசுவாசத்தின் மிகப் பெரிய படங்களை வரைந்துகொண்டிருந்தவரின் மனத்தில் அப்போது வளர்ந்துகொண்டிருந்த விசுவாசம், அதே போப்பாண்டவர்கள் அமைத்த விசாரணை மன்றம் வேட்டையாடத் தொடங்கிய விசுவாசத்துக்கு மிக அருகில் இருந்தது. கதையின் முடிச்சு அங்கே இருக்கிறது.

அதற்கு முன் ஒரு குரலைக் கேட்டுவிட வேண்டும். 1490களில் ஃபுளோரன்ஸ் நகரை ஆட்டிவைத்த தொமினிக்கன் துறவி சவொனரோலாவின் குரல். நகரத்துக்குத் தண்டனை வருகிறது, மனம் திரும்புங்கள் என்று அவர் பிரசங்க மேடையிலிருந்து இடியாய் முழங்கியதைக் கேட்டவர்களில் இளைஞர் மைக்கலாஞ்சலோவும் ஒருவர். அண்ணன் லியொனார்தோ அதே தொமினிக்கன் சபையில் துறவியானவர். 1498 மே மாதம் சவொனரோலாவை ஃபுளோரன்ஸ் சதுக்கத்தில் தூக்கிலிட்டு எரித்தார்கள். திருச்சபையோடு மோதியவருக்குக் கிடைத்த முடிவு அது. மைக்கலாஞ்சலோ அப்போது ரோமில் இருந்தார், வயது 23. அவருடைய சீடர் கொந்திவி 1553இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு, கிழவர் வேதாகமத்தையும் சவொனரோலாவின் எழுத்துகளையும் விடாமல் படிப்பவர் என்கிறது. அந்தத் துறவியின் குரல் இன்னும் அவர் காதில் இருப்பதாகவும் சொல்கிறது. ஐம்பது ஆண்டுக்கு மேல் ஒரு குரல் காதில் நிற்பதென்றால் சாதாரணமில்லை. எரிக்கப்பட்டவர் மீதான அன்பை ஒளிக்காமல் அச்சில் ஏற்றவிட்டிருக்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி சுவருக்கு வருவோம்.

சுவரைத் தயார் செய்வதிலேயே ஒரு சண்டை. நண்பர் செபஸ்தியானோ தெல் பியொம்போ எண்ணெய் வண்ணத்துக்கு ஏற்றபடி பூச்சுப் பூசி வைத்திருந்தார். மைக்கலாஞ்சலோ அதை உரித்தெறியச் சொல்லிவிட்டார். எண்ணெய் ஓவியம் பெண்களுக்கும் சோம்பேறிகளுக்கும் ஆனது என்று அவர் சொன்னதாகக் கலைஞர்களின் வரலாற்றாசிரியர் வசாரி எழுதுகிறார். (நட்பு அத்தோடு முறிந்தது, இன்றைய வாசகிகளும் செபஸ்தியானோ பக்கம்தான் நிற்பார்கள்.) ஈரச் சுண்ணாம்பில் தீட்டும் ஃபிரெஸ்கோவேதான் என்று முடிவாயிற்று. இரண்டு சன்னல்களை அடைத்தார்கள். பெருஜினோவின் பழைய ஓவியங்கள் போயின. கூடவே, விதானத்தோடு சேர்த்துத் தன் கையாலேயே முன்பு வரைந்திருந்த இரண்டு அரைவட்ட ஓவியங்களையும் மைக்கலாஞ்சலோ அழித்தார். 1536இல் தொடங்கி 1541 வரை வேலை. நடுவே சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு, வைத்தியம் வேண்டாமென்று வீட்டைப் பூட்டிக்கொண்டு கிடந்தார். நண்பரான வைத்தியர் ஒருவர் எப்படியோ உள்ளே நுழைந்து குணமாக்கினார்.

1541 அக்டோபர் 31, சகல புனிதர் திருநாளுக்கு முந்தைய மாலை, 'இறுதித் தீர்ப்பு' திறக்கப்பட்டது. ஏறக்குறைய 13.7 மீட்டர் உயரம், 12 மீட்டர் அகலம், 300க்கு மேற்பட்ட உருவங்கள். அதுவரை இறுதித் தீர்ப்பை வரைந்தவர்கள் வரிசை வரிசையாக அடுக்கினார்கள்: மேலே வானவர், நடுவில் நீதிபதி, கீழே ஒரு பக்கம் மோட்சம், மறுபக்கம் நரகம். இங்கே வரிசை இல்லை. தாடியில்லாத, மல்லன் போன்ற கிறிஸ்து கையை உயர்த்துகிறார். அந்தக் கையசைவில் மொத்த மனிதகுலமும் சுழல்கிறது. சம்மனசுகளுக்குச் சிறகு இல்லை. தாந்தேயின் நரகத்திலிருந்து வந்த படகோட்டி காரோன் துடுப்பால் அடித்துப் பாவிகளை இறக்குகிறான். புனிதர்கள்கூடப் பதறிப்போய் நிற்கிறார்கள். தாங்கள் பட்ட வேதசாட்சியத்தின் கருவிகளைத் தூக்கிக் காட்டுகிறார்கள், அது போதுமா என்று கேட்பதைப்போல.

அவர்களில் ஒருவர் பர்த்தலமேயு. உயிரோடு தோலுரிக்கப்பட்டு இறந்த திருத்தூதர். ஒரு கையில் கத்தி, மறுகையில் உரித்த தோல். அந்தத் தோலில் தொங்கும் சப்பிப்போன முகம் மைக்கலாஞ்சலோவின் முகம். நானூறு ஆண்டு அதை எழுத்தில் பதிந்தவர் யாருமில்லை. 1920களில் இத்தாலிய மருத்துவர் ஒருவர்தான் அடையாளம் கண்டு எழுதினார். இன்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். மோட்சத்தில் நிற்கும் புனிதரின் கையில், நரகத்தின் பக்கமாய்ச் சரிந்து, விட்டால் விழுந்துவிடும் நிலையில் அந்தத் தோல் தொங்குகிறது. தான் கரையேறுவோமா என்பது வரைந்தவருக்கே நிச்சயமில்லை என்று அதைப் படிக்கிறேன். புகழின் உச்சியில் இருந்த ஓவியர் கிறிஸ்தவ உலகின் முதன்மையான சிற்றாலயத்தில் தன்னை எங்கே வைத்துக்கொண்டார் என்பது சும்மா தற்செயலாக இருக்க முடியாது.

போப்பாண்டவரின் சடங்கு அதிகாரி பியாஜோ தா செசெனாவுக்கு இந்த இறையியலெல்லாம் கண்ணில் படவில்லை. இத்தனை அம்மண உருவங்கள் குளியல் விடுதிக்கும் சாராயக்கடைக்கும்தான் லாயக்கு என்றார். மைக்கலாஞ்சலோ அவர் முகத்தையே நரகத்தின் நீதிபதி மினோசுக்குக் கொடுத்தார். கழுதைக் காது, உடம்பைச் சுற்றிய பாம்பு. பியாஜோ முறையிட்டபோது, உத்தரிக்கிற ஸ்தலமாக இருந்தாலாவது ஏதாவது செய்யலாம், நரகத்தில் எனக்கு அதிகாரமில்லையே என்று போப்பாண்டவர் கைவிரித்ததாக ஒரு கதை உலவியது. உண்மையோ இல்லையோ, நல்ல கதை. மினோஸ் இன்றும் வலது கீழ் மூலையில் நிற்கிறான்.

சுவரில் வேலை நடந்த ஆண்டுகளில்தான் விட்டோரியா கொலோன்னா அவர் வாழ்க்கையில் வருகிறார். ரோமின் பெரும் பிரபுக் குடும்பத்துப் பெண். கணவர் 1525 பாவியா போரில் வென்ற தளபதி. அதே ஆண்டு இறந்தார். விதவையான பிறகு மடங்களில் தங்கி, கவிதை எழுதி, பிரசங்கம் கேட்டுக் காலம் கழித்தார். 1538இல் அவர் கவிதைகள் அச்சேறின. போர்த்துகீசிய ஓவியர் பிரான்சிஸ்கோ தெ ஒலாந்தா ரோமில் இருந்தபோது கண்டதை ஓர் உரையாடல் நூலாக எழுதி வைத்திருக்கிறார்: ஞாயிற்றுக்கிழமை, குயிரினால் குன்றில் சான் சில்வெஸ்த்ரோ ஆலயம், பவுலின் நிருபங்களுக்கு ஒரு துறவி விளக்கம் சொல்லி முடித்ததும் கொலோன்னாவும் மைக்கலாஞ்சலோவும் உட்கார்ந்து பேசுகிறார்கள். கிறிஸ்துவின் உருவை வரைகிறவன் கைத்திறன் உள்ளவனாக இருந்தால் போதாது, நல்வாழ்வு வாழ்கிறவனாக, முடிந்தால் புனிதனாகவே இருக்க வேண்டும் என்று அந்த நூலில் மைக்கலாஞ்சலோ சொல்கிறார். ஒலாந்தா கொஞ்சம் கை சேர்த்து எழுதுபவர் என்று வரலாற்றாளர்கள் எச்சரிப்பதுண்டு. என்றாலும் பவுலின் நிருபங்கள் என்ற விவரத்தை விட்டுவிடாதீர்கள். அந்த நாளில் ஐரோப்பா முழுவதும் சண்டை பவுலை எப்படிப் படிப்பது என்பதைப் பற்றித்தான்.

மனிதன் எதனால் கரையேறுகிறான்? நற்செயல், நோன்பு, திருயாத்திரை, தானம் இவற்றாலா? அல்லது கிறிஸ்து சிந்திய இரத்தத்தின்மேல் வைக்கும் விசுவாசத்தால் மட்டுமா? லூத்தர் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு திருச்சபையை விட்டே வெளியேறினார். இத்தாலியில் ஒரு சிறு வட்டம் அதே விடையை நெஞ்சில் வைத்துக்கொண்டு திருச்சபைக்குள்ளேயே இருக்கப் பார்த்தது. 'ஆவிக்குரியோர்' என்று வரலாறு அவர்களைக் குறிக்கும். நேப்பிள்ஸில் ஹுவான் தெ வால்தேஸ் என்ற ஸ்பானியர் அவர்களுக்கு ஆசான். கப்புச்சின் சபையின் தலைவரும் இத்தாலியின் தலைசிறந்த பிரசங்கியுமான பெர்னார்தினோ ஒக்கினோ அவர்களின் நாவு. இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் உறவினரும், அவரை எதிர்த்து நாடு திரும்ப முடியாமல் போனவருமான கர்தினால் ரெஜினால்ட் போல் அவர்களின் தலைமகன். 1541இல் ஹென்றி, போலின் வயதான தாயைக் கொலைக்களத்துக்கு அனுப்பினார். அதன்பின் கொலோன்னாவையே தாயாக ஏற்றேன் என்றார் போல். அவர் ஆளுநராக இருந்த விதெர்போ நகருக்குக் கொலோன்னாவும் போய் மடத்தில் தங்கினார்.

மைக்கலாஞ்சலோ இந்த வட்டத்தின் உறுப்பினர் என்று பட்டியல் எதுவும் கிடையாது. கொலோன்னாவுக்காக அவர் வரைந்த சில தாள்கள் இருக்கின்றன. ஒன்று, சிலுவையில் அறையுண்ட கிறிஸ்து: செத்துத் தொங்காமல், உயிரோடு, அண்ணாந்து கூப்பிடுகிறார். கிடைத்ததும் கொலோன்னா அதை விளக்கொளியில் பார்த்தார், கண்ணாடி வில்லை வைத்துப் பார்த்தார், நிலைக்கண்ணாடியில் காட்டியும் பார்த்தார். இவ்வளவு நேர்த்தியான ஒன்றைக் கண்டதில்லை என்று எழுதினார். இன்னொன்று பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரியாளின் மடியில் இறந்த மகன். 23 வயதில் மைக்கலாஞ்சலோ செதுக்கத் தொடங்கிய புகழ்பெற்ற பியெட்டாவில் தாய் மகனை ஏந்தியிருப்பாள். இந்தத் தாளில் அவள் பிடிக்கவே இல்லை. இரு கைகளையும் வானத்துக்கு விரித்திருக்கிறாள்; உடல் அவள் முழங்கால்களுக்கிடையில் சரிந்து நிற்க, இரு சம்மனசுகள் கைகளைத் தாங்குகிறார்கள். சிலுவை மரத்தில் தாந்தேயின் 'சொர்க்கம்' காண்டத்திலிருந்து ஒரு வரி: எவ்வளவு இரத்தம் செலவானது என்பதை யாரும் எண்ணுவதில்லை என்ற ஆதங்கம். துக்கத்தைக் காட்டிலும் கொடுக்கப்பட்ட விலையையே அந்தத் தாள் பேசுகிறது. பவுலின் நிருபங்களை அந்த வட்டம் எப்படிப் படித்ததோ அப்படியே.

இன்னும் அழுத்தமான சாட்சி ஒரு கடிதம். கொலோன்னா ஏதோ பரிசு அனுப்புகிறார். பதிலுக்குத் தன் கையால் ஏதாவது செய்து கொடுத்த பிறகே அதைப் பெறும் தகுதி வரும் என்று மைக்கலாஞ்சலோ தள்ளிப்போடுகிறார். பிறகு மனம் மாறி எழுதுகிறார்: கடவுளின் அருளை விலைகொடுத்து வாங்க முடியாது, அதை மனச்சங்கடத்தோடு பெறுவதே பெரிய பாவம். வீட்டுக்கு வந்த ஒரு பரிசைப் பற்றிய கடிதத்தில் ஐரோப்பாவைப் பிளந்துகொண்டிருந்த கேள்வி முழுதாக உட்கார்ந்திருக்கிறது. இதற்கு மேல் வெளிப்படையாக அவர் எங்கும் எழுதவில்லை.

1541 கோடையில் ரேகன்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் சீர்திருத்தக்காரரும் கடைசியாக ஒருமுறை சமரசம் பேசினார்கள். போப்பாண்டவரின் தூதர் கர்தினால் கொந்தாரினி, போலின் நண்பர். விசுவாசத்தால் மீட்பு என்ற விஷயத்தில் இரு தரப்பும் ஒரு வாசகத்துக்கு ஒப்புக்கொள்ளவும் செய்தன. பின்னர் எல்லாம் குலைந்தது. ஓவியம் திறக்கப்பட்ட அக்டோபரில் சமரசக் கனவு ஏற்கெனவே செத்திருந்தது. 1542 ஜூலையில் மூன்றாம் பவுல் ரோமில் புனித விசாரணை மன்றத்தை நிறுவினார். அதன் உயிர்நாடி கர்தினால் கராஃபா. ஆகஸ்டில் ஒக்கினோவுக்கு ரோமிலிருந்து அழைப்பு வந்தது. போனால் என்ன ஆகும் என்று அவருக்குப் புரிந்தது. ஆல்ப்ஸ் மலை தாண்டி ஜெனீவாவுக்கு, சீர்திருத்தத் தலைவர் கால்வினிடம் ஓடினார். தன் முடிவை நியாயப்படுத்திக் கொலோன்னாவுக்குக் கடிதம் போட்டார். அவரோ, போலின் ஆலோசனைப்படி, ஒக்கினோ அனுப்பியதை அதிகாரிகளிடமே ஒப்படைத்துவிட்டார். நேற்று வரை குருவாக வணங்கியவரை இன்று காட்டிக்கொடுப்பதா என்று கோபம் வரும். ஆனால் விசாரணை மன்றம் கதவருகே நிற்கும்போது மடத்தில் தனித்திருக்கும் ஒரு பெண்ணின் நிலையையும் யோசிக்க வேண்டும்.

(அதே 1542 அக்டோபரில், ரோமிலிருந்து இரண்டாண்டுக்கு முன் கிளம்பிய ஒருவர் நம் முத்துக்குளித்துறையில் வந்திறங்கினார். மைக்கலாஞ்சலோ சாரத்தில் நின்ற ஆண்டுகளில் ரோமில் இருந்த பிரான்சிஸ் சவேரியார்தான் அவர். அவர் சார்ந்த இயேசு சபைக்கு 1540இல் அனுமதி தந்தவரும் இதே மூன்றாம் பவுலே. பின்னாளில், 1554இல், அந்தச் சபையின் ரோமாபுரி ஆலயத்துக்குப் பக்தியால் மட்டுமே, காசு வாங்காமல் வேலை பார்க்க மைக்கலாஞ்சலோ முன்வந்ததாக இஞ்ஞாசியார் எழுதுகிறார். தூத்துக்குடிப் பரதவரின் கதையும் சிஸ்டைன் சுவரின் கதையும் ஒரே மேசையில் கையெழுத்தானவை.)

1543இல் வெனிஸில் 'கிறிஸ்துவின் நன்மை' என்று ஒரு சிறு நூல் வெளியானது. ஆசிரியர் பெயர் இல்லை; எழுதியவர் மாந்துவா ஊர்த் துறவி ஒருவர், செப்பனிட்டவர் போல் வட்டத்துக் கவிஞர் ஃபிளாமினியோ. ஆயிரக்கணக்கில் விற்றது. தடை விதித்துத் தேடித் தேடி அழித்ததில், 19ஆம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றில் பிரதி கண்டெடுக்கப்படும் வரை அது தொலைந்த நூலாகவே கருதப்பட்டது. ட்ரென்ட் நகரில் 1545 டிசம்பரில் பொதுச்சங்கம் கூடியது. தலைமை தாங்கிய மூவரில் போலும் ஒருவர். மீட்பு பற்றிய விவாதம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்ததும் உடல்நலக் குறைவு என்று சொல்லி வெளியேறினார். 1547 ஜனவரி 13 அன்று சங்கம் தீர்மானம் போட்டது: விசுவாசம் மட்டுமே போதும் என்பவர் சபிக்கப்பட்டவர். பிப்ரவரி 25 அன்று விட்டோரியா கொலோன்னா ரோமில் இறந்தார். இறந்தவரின் கையை முத்தமிட்டேன், நெற்றியையும் முத்தமிட்டிருக்கலாமே என்று மைக்கலாஞ்சலோ பின்னாளில் புலம்பினார் என்கிறார் கொந்திவி.

கோடு நகர்ந்துவிட்டது, மைக்கலாஞ்சலோ நின்ற இடத்திலேயே நின்றார். 1538இல் ஒரு கர்தினாலோடு உட்கார்ந்து தாராளமாகப் பேசக்கூடியதாக இருந்த ஒன்று, 1547க்குப் பிறகு சாபத்துக்குரியது.

அதற்காக அவரை ஒளிந்திருந்த லூத்தரன் என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொல்கிற நூல்களும் உண்டு, நான் நம்பவில்லை. 1550 யூபிலி ஆண்டில் வசாரியும் அவரும் குதிரையேறி ரோமின் ஏழு ஆலயங்களையும் வலம் வந்தார்கள். பாவப் பரிகாரப் பலன் இரட்டிப்பாகக் கிடைக்கும்படி போப்பாண்டவர் மூன்றாம் ஜூலியஸ் சலுகை கொடுத்திருந்தார். லூத்தரன் இதைச் செய்யமாட்டான். ஃபுளோரன்ஸிலிருந்த தம்பி மகனுக்கு எழுதிய கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரு வேண்டுகோள்: வெளியில் சொல்லிக்கொள்ள வெட்கப்படும் ஏழைக் குடும்பம் எங்காவது இருந்தால், கலியாணச் சீதனமில்லாத பெண் இருந்தால் பார்த்து உதவு; என் பெயர் தெரிய வேண்டாம், என் ஆன்மாவுக்கு நல்லது. அருளை வாங்க முடியாது என்று எழுதிய அதே கைதான். மனிதர்கள் இறையியல் பாடப்புத்தகம் போல ஒழுங்காக வாழ்வதில்லை.

ஓவியத்துக்கு இனி சொல்ல அதிகமில்லை. மூன்றாம் பவுலின் சொந்தச் சிற்றாலயத்தில் பவுலின் மனமாற்றத்தையும் பேதுரு சிலுவையில் அறையப்படுவதையும் வரைந்தார். 1550 வாக்கில் முடிந்தது, வயது 75; அதன்பின் சுவரில் தூரிகை வைக்கவில்லை. தலைகீழாகத் தூக்கப்படும் சிலுவையிலிருந்து பேதுரு கழுத்தைத் திருப்பி அறைக்குள் நிற்பவரை முறைக்கிறார். இன்றும் புதிய போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்கும் கர்தினால்கள் இங்கே கூடித்தான் சிஸ்டைனுக்கு ஊர்வலமாகப் போகிறார்கள். அந்த முறைப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். புனித பேதுரு பேராலயத்தின் கட்டடப் பொறுப்பை 1547 முதல் சாகும்வரை, 17 ஆண்டு, சம்பளம் வேண்டாமென்று சொல்லிப் பார்த்தார். கடவுளுக்காகச் செய்கிறேன் என்பது அவர் வாதம். காசில் கறாரான ஆள் என்று பெயர் வாங்கியவர் என்பதால் இது சின்ன விஷயமில்லை. 1554இல் வசாரிக்கு அனுப்பிய ஒரு கவிதையில், கலையையே தெய்வமாக வைத்து ஆராதித்த வாழ்நாளை எண்ணி வருந்துகிறார்.

கேட்காமலே, யாருக்காகவும் இல்லாமல் ஒரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. கொலோன்னா இறந்த காலத்தில் தொடங்கியது: தன் கல்லறைமேல் வைப்பதற்காக ஒரு பளிங்குக் கூட்டம். இறந்த கிறிஸ்து, மரியாள், மகதலேனாள். மூவரையும் பின்னாலிருந்து அணைத்து நிற்கும் முக்காடிட்ட முதியவர். முதியவரின் முகம் செதுக்கியவரின் முகம். நிக்கொதேமு என்றே கொந்திவியும் வசாரியும் சொல்கிறார்கள். யோவான் நற்செய்தி படித்தவர்களுக்குத் தெரியும்: பரிசேயன், யூதத் தலைவர்களில் ஒருவன், பிறர் கண்ணுக்குப் பயந்து இயேசுவிடம் இரவில் வந்தவன், மீண்டும் பிறப்பது எப்படி என்று கேட்டவன். 1544இல் ஜெனீவாவிலிருந்து கால்வின் ஒரு கடுமையான பிரசுரம் வெளியிட்டார். உள்ளே ஒரு விசுவாசம், வெளியே கத்தோலிக்கப் பூசை என்று வாழும் கோழைகளைத் திட்டுவது அது. அவர்களுக்கு அவர் வைத்த பெயர் நிக்கொதேமுக் கூட்டம். போல், கொலோன்னா போன்றோர் நின்ற இடம் ஏறக்குறைய அதுதான். அந்த வசவு புழக்கத்தில் வந்து மூன்றே ஆண்டில், ரோமில் ஒரு கிழவர் நிக்கொதேமுவுக்குத் தன் முகத்தைக் கொடுக்கிறார்.

இதை வைத்துச் சிலர் பெரிய கோட்டையே கட்டியிருக்கிறார்கள். 1555 வாக்கில் மைக்கலாஞ்சலோ சுத்தியலால் இந்தச் சிலையை உடைத்தார். அதே ஆண்டு மே மாதம் கராஃபா நான்காம் பவுலாகப் போப்பாண்டவரானார். ஆகவே பயந்து உடைத்தார் என்பது வாதம். வசாரி சொல்லும் காரணம் எளிது: கல் கெட்டது, உளி பட்டால் பொறி பறக்கும், பணியாள் உர்பினோ தினமும் நச்சரித்தான். அண்மையில் ஃபுளோரன்ஸில் சிலையைச் சுத்தம் செய்தவர்களும் கல்லில் நுண்வெடிப்புகளைக் கண்டார்கள். உடைத்ததற்குக் கல்லே போதும். முகத்துக்கு அது பதிலில்லை. நிக்கொதேமு ஒரு சிற்பி, லூக்கா நகரின் புகழ்பெற்ற சிலுவையைச் செதுக்கியவர் என்று இத்தாலியில் பழைய ஐதிகம் உண்டு; அதனால் சிற்பி ஒருவர் அவர் வேடம் போடுவது இயல்பு என்பார்கள். சரிதான். ஆனால் மைக்கலாஞ்சலோவுக்கு அந்த ஐதிகம் தெரியும் என்றால் கால்வினின் வசவும் அவர் நண்பர்கள் வாயிலாகக் காதில் விழுந்திருக்கும். இரண்டு பொருளும் தெரிந்தே தேர்ந்தெடுத்தார் என்று நினைக்கிறேன். கேட்டால் சொல்ல ஒரு பதில், கேட்காதவரை நெஞ்சில் இன்னொன்று. அதுவும் நிக்கொதேமு செய்யக்கூடிய காரியம்தான்.

கராஃபாவின் நான்காண்டு ஆட்சி கெடுபிடியின் உச்சம். 1557இல் கர்தினால் மொரோனேயைக் கோட்டைச் சிறையில் அடைத்தார். போலையும் விசாரணைக்கு ரோமுக்கு வரச்சொன்னார். அப்போது இங்கிலாந்தில் இருந்த அவர் வராமலே 1558இல் இறந்தார். 1559இல் தடைசெய்த நூல்களின் பட்டியல் வந்தது. சிஸ்டைன் சுவரின் அம்மணத்தைச் சரிசெய்யச் சொல்லி ஓவியருக்கு ஆள் அனுப்பினார். அது சின்ன வேலை, போப்பாண்டவர் முதலில் உலகத்தைச் சரிசெய்யட்டும், படத்தைச் சரிசெய்ய அதிக நேரமாகாது என்று பதில் வந்ததாம். 1556இல் ஸ்பானியப் படை ரோமை நெருங்கியபோது லொரெத்தோ திருத்தலத்துக்குப் போகிறேன் என்று கிளம்பிய 81 வயதுக்காரர் ஸ்பொலெத்தோ மலைகளோடு நின்றுவிட்டு, நிம்மதி காட்டில்தான் இருக்கிறது என்று எழுதினார். 1559 ஆகஸ்டில் கராஃபா இறந்த செய்தி கேட்டதும் ரோம் மக்கள் விசாரணை மன்றத்தின் கட்டடத்துக்குத் தீவைத்து, அவர் சிலையின் தலையை உடைத்தார்கள்.

கராஃபா போனாலும் காற்று மாறவில்லை. 1563 டிசம்பரில் ட்ரென்ட் சங்கம் புனித உருவங்களில் ஆபாசம் கூடாதென்று விதித்தது. 1564 ஜனவரி 21 அன்று சிஸ்டைன் உருவங்களை மூடுவதென்று ரோமில் தீர்மானமாயிற்று. நான்கு வாரம் கழித்து, பிப்ரவரி 18 அன்று, மைக்கலாஞ்சலோ இறந்தார். அதற்கு முந்தைய சனிக்கிழமைகூட நாள் முழுக்க நின்றபடியே இன்னொரு பியெட்டாவில் உளிவேலை செய்ததாக நண்பர் தானியேலே தா வொல்தெர்ரா எழுதினார். வீட்டில் பெட்டி நிறையத் தங்கக் காசு இருந்தது. காகிதங்களும் வரைபடங்களும் பெரும்பாலும் இல்லை, அவரே எரித்துவிட்டிருந்தார். குறையுள்ள வரைபடம் யார் கண்ணிலும் படக்கூடாது என்ற கர்வம் என்கிறார் வசாரி. கடிதங்கள் எத்தனை சேர்ந்து எரிந்தன என்று வசாரி கேட்கவில்லை.

சுவரை மூடும் வேலை தானியேலேவிடமே வந்தது. சாவுப் படுக்கையருகே இருந்த அதே நண்பர். 1565இல் சாரமேறி உருவங்களுக்குத் துணி வரைந்தார். புனிதர்களான கட்டரீனாவையும் பிளேசியையும் செதுக்கியெடுத்துவிட்டுப் புதிதாகவே தீட்டினார். ஊர் அவருக்குக் 'கால்சட்டைக்காரர்' என்று பட்டம் கட்டியது. அநியாயம். நண்பரின் ஓவியத்தை முழுதாகச் சுரண்டிவிடலாம் என்ற பேச்சும் உலவிய காலத்தில், மிகக் குறைந்த சேதத்தோடு அதைக் காப்பாற்றியவர் அவர். 1994இல் சுத்திகரிப்பு முடிந்து திரை விலகியபோது, பிற்காலத்தில் சேர்ந்த துணிகள் பலவற்றை நீக்கியவர்கள் தானியேலே வரைந்தவற்றை வரலாற்றுச் சான்றாக விட்டுவைத்தார்கள்.

விசாரணை மன்றம் மைக்கலாஞ்சலோவை ஒருபோதும் அழைக்கவில்லை. அவருடைய நண்பர்களின் நண்பரை அழைத்தது. பியெத்ரோ கார்னெசெக்கி, ஃபுளோரன்ஸ் பிரபு, ஒருகாலத்தில் ஏழாம் கிளமெண்டின் செயலர், வால்தேஸ் வட்டத்தில் மிஞ்சியிருந்த கடைசிப் பெரிய தலை. 1566இல் விசாரணைத் தலைவராக இருந்த கிஸ்லியெரியே ஐந்தாம் பத்திநாதராக அரியணை ஏறினார். ஏறியதும் கார்னெசெக்கியைக் கேட்டார். ஃபுளோரன்ஸின் கோமகன் கோசிமோ தன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த விருந்தாளியை அங்கேயே பிடித்துக் கொடுத்தார். விசாரணையின்போது, இறந்து இருபதாண்டான விட்டோரியா கொலோன்னாவின் கடிதங்களை ஒவ்வொன்றாக விரித்து வைத்து, இதற்கு என்ன பொருள், அதற்கு என்ன பொருள் என்று குடைந்தார்கள். போல் கொலோன்னாவுக்குச் சொன்ன புத்திமதியைக் கார்னெசெக்கி வெளியிட்டார்: விசுவாசம் மட்டுமே காப்பாற்றும் என்பது போல நம்பு, நற்செயலே காப்பாற்றும் என்பது போல நடந்துகொள். 1567 அக்டோபர் 1 அன்று கார்னெசெக்கியின் தலையை வெட்டி உடலை எரித்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முன், 1564 ஜூலையில், மைக்கலாஞ்சலோவுக்கு ஃபுளோரன்ஸில் அரசமரியாதையோடு இரங்கல் சடங்கு நடத்திக் கொடுத்தவரும் இதே கோசிமோ. 1569இல் ஐந்தாம் பத்திநாதர் அவருக்குத் தொஸ்கானா மாபெரும் கோமகன் என்ற பட்டத்தை வழங்கினார்.

ஓவியர் ஒருவரையே விசாரணை மன்றம் நேரில் நிறுத்திக் கேள்வி கேட்பதற்கு 1573 வரை காத்திருக்க வேண்டும். இடம் வெனிஸ், குற்றம், இராவுணவுக் காட்சியில் கோமாளியையும் நாயையும் ஜெர்மன் சிப்பாய்களையும் சேர்த்தது. ஓவியர் பெயர் பாவொலோ வெரொனேசே.

(தொடரும்)